அரசிக்குக் குரல் கொடுத்தவள்

பிப்ரவரி 2

இன்றோடு குழலிக்கு ஏழு மாதம். எடை ஆறு கிலோ எழுநூறு. டாக்டர் "நார்மல்தான்மா" என்று சொல்லிவிட்டு, அட்டையை மறுபடியும் ஒருமுறை பார்த்தார். நார்மல் என்றால் எதற்கு மறுபடி பார்க்க வேண்டும்? வளசரவாக்கம் வந்து சேரும்வரை அதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

கிளினிக்கில் காத்திருந்தபோது எதிர் நாற்காலியில் ஆறு வயதுப் பெண் ஒருத்தி, கையை விறைப்பாக மடக்கிக்கொண்டு, "கணக்கிடுகிறேன். கணக்கிடுகிறேன். விடை கிடைத்தது" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் அம்மா சிரித்தாள். "அப்படியே ரோஸ்லின் ஆன்ட்டி குரல்டி உனக்கு."

அது ரோஸ்லின் ஆன்ட்டி குரல் இல்லை. என் குரல். 'சனிவளையம்' தொடரில் யாழ்-9 என்ற இயந்திரப் பெண்ணாக ரோஸ்லின் மூன்று வருடம் வெள்ளிநிற உடை போட்டு நடித்தாள். விண்கலத்தில் பறந்தாள், பட்டன்களை அமுக்கினாள், வாயசைத்தாள். சாலிகிராமத்தில் ஒரு குளிர்ந்த அறைக்குள் ஹெட்போனோடு நின்று அந்த வாய்க்குப் பேசியது நான்.

அந்த அம்மாவிடம் சொல்லியிருக்கலாம். குழந்தை கக்கிய பால் துப்பட்டாவில் காய்ந்திருக்க, "அது நான்தாங்க" என்றால் யார் நம்புவார்கள்?

கடைசி இருபத்திரண்டு வாரம் வேறொரு பெண் பேசினாள். நான் அப்போது பிரசவத்துக்காக வீட்டில். வித்தியாசத்தை ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. முரளியே "மாத்திட்டாங்களா? எப்போ?" என்றுதான் கேட்டார். கட்டிய புருஷன்.

பிப்ரவரி 5

முரளிக்கு மெட்ரோவில் காலை ஷிஃப்ட். பால் பொங்கி அடுப்பு நாசம். குழலி தூங்கவில்லை. நானும்.

பிப்ரவரி 9

பாஸ்கர் சார் போன் செய்தார். டப்பிங் இன்சார்ஜ். ஏழு மாதத்துக்குப் பிறகு அவருக்கு என் எண் ஞாபகம் வந்திருக்கிறது.

ரோஸ்லினுக்குப் புதிதாக ஒரு சரித்திரத் தொடரில் பட்டத்தரசி வேஷமாம். விண்வெளியை விட்டு அரண்மனைக்கு வந்துவிட்டாள். "உன் குரலத்தான் கேக்குறாங்க சுகன்யா. செந்தமிழ் வசனம். எம்.ஏ. தமிழ் படிச்சவ நீதானே இருக்க."

சந்தோஷத்தில் குழலியின் பாதத்தை அழுத்திப் பிடித்துவிட்டேன் போலிருக்கிறது, வீறிட்டாள்.

"ஆனா ஒண்ணு இருக்கு," என்றார். ரோஸ்லின் அதற்கு முன்னால் ஒரு மேடை நாடகம் நடிக்கிறாள். ஏப்ரல் 12, எழும்பூரில். மேடையில் அவளே பேச வேண்டும். தொடரின் இயக்குநர் வந்து பார்ப்பார். அவள் குரல் தாங்குமென்று தோன்றினால் தொடரிலும் அவளையே பேசவைப்பார். இல்லையென்றால் வேலை எனக்கு.

"அவளாவது பேசுறதாவது," என்றார் பாஸ்கர் சார். "கவலப்படாத."

நான் கவலைப்படவில்லை. ரோஸ்லின் பேசிக் கேட்டிருக்கிறேன்.

பிப்ரவரி 12

ரோஸ்லின் வீட்டுக்கு வந்தாள்.

கீழே கேட்டருகே நின்று "அக்கா" என்று ஒரே ஒரு தடவை கூப்பிட்டாள். இரண்டாவது மாடியில், குக்கர் சத்தத்துக்கு நடுவில், சமையலறையில் இருந்த எனக்குக் கேட்டது. மேக்கப் இல்லாமல் சின்னப் பெண்ணாக இருந்தாள். குழலிக்கு ஒரு கவுன் வாங்கிவந்திருந்தாள். இரண்டு வயதுக் குழந்தைக்கானது.

"இன்னாக்கா, நல்லாகீறீங்களா? பாப்பா உங்கள மாரியே கீது."

கோலார் தங்கவயலில் பிறந்தவள். அப்பா சுரங்கத்தில் இருந்தவர். தாய்மொழி தமிழ்தான், ஆனால் படித்தது கன்னடம். தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கிறாள். குரல் மணலை இரும்புச் சட்டியில் வறுப்பதுபோல இருக்கும். 'சனிவளையம்' முதல் நாளிலேயே அந்தக் குரலைக் கேட்டுவிட்டுத்தான் என்னைத் தேடிப் பிடித்தார்கள்.

நாடகப் பிரதியை நீட்டினாள். பாளையத்து அரசி ஒருத்தியின் கதை. புருஷன் போரில் செத்துவிட, கும்பினிப் படை கோட்டையைச் சூழ்ந்துகொள்ள, உள்ளேயே சிலர் சரணடைந்துவிடலாம் என்று முணுமுணுக்க, அரசி மதில்மேல் ஏறி நின்று பேசுகிறாள். "கதவைத் திறக்கச் சொன்னவன் யார்? அவன் என் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும்." அப்படித் தொடங்கி ஒன்றரைப் பக்கம். நல்ல வசனம். படிக்கும்போதே எனக்கு நாக்கு ஊறியது.

"நீங்க சொல்லிக் குடுக்கணும்க்கா. நான் பேசிட்டா அந்த சீரியல் வேல உங்களுக்குப் போயிடும்னு எனக்குத் தெரியும். கேக்கவே வாய் வர்ல. ஆனா என் வாய உங்கள விட்டா யாருக்குத் தெரியும் சொல்லுங்க."

அதோடு நிறுத்தியிருக்கலாம். "கடைசி இருவத்தி ரெண்டு வாரம் நான் சத்தத்த அணைச்சிட்டுத்தான் பாத்தேன். அது நானே இல்லன்னு இருந்துச்சு" என்றும் சொன்னாள்.

இப்படிச் சொன்னவளிடம் எப்படி முடியாது என்பது? திங்கள், புதன், வெள்ளி நாலு மணிக்கு வரச் சொன்னேன்.

பிப்ரவரி 16

முதல் பாடம். கத்தாதே என்றேன். "சத்தம் போட்டா அரசி இல்ல, சந்தைக்காரி. நீ இறக்கிப் பேசு. அவங்க காது உன் பக்கம் வரட்டும்." மைக் முன்னால் பத்து வருடம் நின்றவள் நான். எனக்குத் தெரிந்ததைத்தானே சொல்லிக்கொடுக்க முடியும்.

சொன்னதைச் சொன்னபடி செய்கிறாள். நல்ல மாணவி.

பிப்ரவரி 18

இதை எழுதுவதா வேண்டாமா என்று தெரியவில்லை.

குழலிக்குப் பல் முளைக்கிறது. காலையிலிருந்து அழுகை. பாடினேன், கதை சொன்னேன், தமிழ்நாட்டுக் குழந்தைகளெல்லாம் சொக்கிப்போன யாழ்-9 குரலிலும் பேசிப் பார்த்தேன். இன்னும் அழுதாள். நாலு மணிக்கு ரோஸ்லின் வந்து, கையலம்பிவிட்டு, "குடுங்கக்கா" என்று வாங்கி நெஞ்சில் சாய்த்துக்கொண்டாள். பாட்டுகூட இல்லை. வந்த பஸ்ஸில் கண்டக்டரோடு நடந்த சில்லறைச் சண்டையைத்தான் என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். குழலி அவள் தொண்டைக்குழியில் காதை வைத்தபடி தூங்கிப்போனாள்.

"நெஞ்சு அதிரும்ல, அதான்," என்றாள் சர்வசாதாரணமாக.

பாடம் நடத்தினேன். மூன்றாம் பத்தியை முன்பைவிட மெதுவாகப் பேசவைத்தேன்.

பிப்ரவரி 20

முரளி ஷிஃப்ட் முடிந்து வந்தபோது ரோஸ்லின் கிளம்பிக்கொண்டிருந்தாள். இரண்டு நிமிடம் பேசியிருப்பார்கள். கதவைச் சாத்தியதும் முரளி சொன்னார்: "நல்ல குரல் இல்ல? இத ஏன் இவ்வளவு நாள் மூடி வெச்சாங்க?"

மூடியது யார் என்று அவருக்கு உறைக்கவே இல்லை. சாப்பாட்டை எடுத்து வைத்தேன். ரசத்தில் உப்பு இல்லை என்றார். போட்டுக்கொள்ளுங்கள் என்றேன்.

பிப்ரவரி 23

திருச்சிக் கல்லூரி அரங்கு ஏனோ நினைவுக்கு வந்தது. அங்கே மைக் கிடையாது. பேராசிரியை கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துகொள்வார். குரல் கேட்காவிட்டால் குடையைத் தூக்குவார். மூச்சை அடிவயிற்றில் வாங்கி, வாயை முழுக்கத் திறந்து, கடைசி வரிசைச் சுவரில் எறிவதுபோல் பேச வேண்டும். எனக்காக அந்தக் குடை ஒருமுறைகூட உயர்ந்ததில்லை. மூன்று வருடமும் சிறந்த நடிகை நான்தான்.

சென்னைக்கு வந்தபோது, "குரல் பிரமாதம்மா, முகம்தான் கேமராவுக்கு..." என்று இழுத்தார்கள். மூன்று இடத்திலும் அதே இழுப்பு.

ரோஸ்லினிடம் குடைக் கதையைச் சொல்லவில்லை. அவள் கேட்கவில்லை.

மார்ச் 4

ஒத்திகைக்குக் கூப்பிட்டாள். கோடம்பாக்கத்தில் ஒரு பள்ளிக்கூட மண்டபம். குழலியைத் தூக்கிக்கொண்டு போனேன். நாடக இயக்குநர் கமலவேணி அம்மாள். அறுபது வயதிருக்கும், பருத்திப் புடவை, கட்டைவிரலில் பிளாஸ்திரி. மதில் காட்சி தொடங்கியது. ரோஸ்லின் நான் சொன்னபடியே, இறக்கி, மூச்சை ஒளித்து, உதட்டோரத்தில் பேசினாள். மைக் இருந்திருந்தால் மயிர்க்கூச்செறிந்திருக்கும்.

கமலவேணி அம்மாள் மூன்றாவது வரிசையிலிருந்து எழுந்தார்.

"ஏம்மா, படைக்குப் பேசுறியா, உன் முந்தானைக்கு ரகசியம் சொல்றியா?"

எல்லோரும் சிரித்தார்கள். ரோஸ்லின் என்னைப் பார்த்தாள். குழலியின் ஒரு காலுறையைக் காணோம், நான் பெஞ்சுக்கு அடியில் குனிந்து தேடிக்கொண்டிருந்தேன்.

மார்ச் 6

"நான் கத்திப் பேசட்டுமாக்கா?" என்று கேட்டாள்.

"மண்டபம் சரியில்ல. எழும்பூர்ல நல்லாக் கேக்கும்," என்றேன்.

எழும்பூர் அரங்குக்குள் நான் போனதே இல்லை.

மார்ச் 7

குழலிக்கு லேசான ஜுரம். 99.4. அரை மணிக்கு ஒரு தடவை பார்க்காதே என்று முரளி தெர்மாமீட்டரைப் பீரோ மேல் வைத்துவிட்டார். நாற்காலி போட்டு எடுத்தேன்.

மார்ச் 15

கமலவேணி அம்மாள் நேரிலேயே வந்துவிட்டார். மாடிப்படி ஏறியதில் மூச்சு வாங்கியது, தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

"பள்ளிக்கூட ஆண்டு விழா மாதிரி டேப்ப ஓடவிட்டு வாயசைக்கிறது எனக்குப் பிடிக்காத விஷயம். ஆனா டிக்கெட் வித்தாச்சு. பாதிப் பேர் யாழ்-9ப் பாக்க வர்றவங்க. அந்தப் பொண்ணு வாயத் திறந்தா காத்துதான் வருது. அவளோட பகுதிய மட்டும் நீங்க பேசிப் பதிவு பண்ணிக் குடுங்க. நோட்டீஸ்ல உங்க பேரு போடுறேன்."

என் பெயர். பத்து வருடத்தில் எந்தத் திரையிலும் ஒரு விநாடிகூட ஓடாத பெயர்.

ரோஸ்லினுக்குத் தெரியுமா என்று கேட்டேன். தெரியும், அழுதாள், ஒத்துக்கொண்டாள் என்றார். யோசிக்க இரண்டு நாள் வேண்டும் என்றேன். அவர் தெருமுனையில் ஆட்டோ பிடிப்பதற்குள் போன் செய்து சரி என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 20

பதிவு. டேவிட் அண்ணனின் ஸ்டுடியோ. நாடகத்துக்கும் ஒலி அவர்தான். குழலியை முரளி பார்த்துக்கொண்டார்.

மைக்கிலிருந்து இரண்டடி தள்ளி நின்றேன். செருப்பைக் கழற்றினேன். அடிவயிற்றில் மூச்சு வாங்கினேன். ஒன்றரைப் பக்கமும் ஒரே டேக். பிரசவத்துக்குப் பிறகு என் உடம்பு என் சொல்லைக் கேட்டது இன்றுதான்.

டேவிட் அண்ணன் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "இத எங்க வெச்சிருந்தீங்க சிஸ்டர்?" என்றார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரோஸ்லின் உட்கார்ந்திருந்தாள். முடித்துவிட்டுப் பார்த்தபோது நாற்காலி காலியாக இருந்தது. பஸ்ஸுக்கு நேரமாகியிருக்கும்.

மார்ச் 24

நோட்டீஸ் வாட்ஸ்அப்பில் வந்தது. "அரசியாக: ரோஸ்லின். அரசிக்குக் குரல்: சுகன்யா முரளி." கடைசி வரி. விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். குழலி போனைப் பிடுங்கி நக்கினாள். அம்மாவுக்கு அனுப்பினேன். அம்மா கட்டைவிரலை அனுப்பிவிட்டு, குழந்தைக்கு ஜலதோஷம் போயிற்றா என்று கேட்டிருந்தாள்.

ஏப்ரல் 2

டேப்போடு முதல் ஒத்திகை.

மூன்று வருடம் நான் அவள் வாயைத் துரத்தியிருக்கிறேன். சொல்லுக்கு முன்னால் கீழுதடு அரை விநாடி முந்தும். 'ல' வந்தால் நாக்கு நுனி தெரியும். பொய் சொல்வதற்கு முன் எச்சில் விழுங்குவாள்; படப்பிடிப்பில் இயக்குநரிடம் "தூங்கினேன் சார், நல்லாத் தூங்கினேன்" என்று சொன்னதெல்லாம் பதிவில் அப்படியே இருக்கும், எங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். இப்போது அவள் என் குரலைத் துரத்துகிறாள். நான் நிறுத்தும் இடத்தில் நிற்கிறாள், நான் ஓடினால் ஓடுகிறாள். அதைப் பார்த்துக்கொண்டிருப்பதில் ஒரு சுகம் இருந்தது. மறைப்பானேன்.

இரண்டாவது தடவை ஓட்டியபோது மேடையின் பக்கவாட்டில் போய் நின்றேன். அங்கேதான் அது கேட்டது. ஒலிபெருக்கியில் என் குரல். அதற்கு அடியில் இன்னொன்று. அவள் வெறுமனே வாயசைக்கவில்லை. பேசிக்கொண்டிருந்தாள். முழு வாயைத் திறந்து, கழுத்து நரம்பு புடைக்க, மதில் மரப்பலகை அதிர.

இடைவேளையில் கேட்டேன். "யாரு சொல்லிக் குடுத்தா?"

"யாரும் இல்லக்கா. உங்க டேப்ப வீட்ல போட்டுகினு கூடவே பேசிப் பாத்தேன். அதுல நீங்க வேற மாரி பேசிகீறீங்க. எனக்குச் சொல்லிக் குடுத்த மாரி இல்ல."

நான் பையைத் திறந்து தண்ணீர் பாட்டிலைத் தேடினேன்.

"கமலவேணி அம்மா கிட்ட சொல்லட்டுமா, டேப் வேணாம்னு?"

"பத்து நாள்தான் இருக்கு. வம்பு வேணாம்."

அவள் எச்சில் விழுங்கினாள். "செரிக்கா. நீங்க சொன்னா செரியாத்தான் இருக்கும்."

ஏப்ரல் 8

குழலி தவழ ஆரம்பித்துவிட்டாள். பின்பக்கமாக. கட்டிலுக்கு அடியில் போய் மாட்டிக்கொள்கிறாள்.

ஏப்ரல் 12

நடந்ததை நடந்தபடி எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் மற்றவர்கள் சொல்வதையே நானும் நம்ப ஆரம்பித்துவிடுவேன்.

அரங்கு நிறைந்திருந்தது. ஒலி மேசை மேடைக்குக் கீழே, இடது மூலையில், ஒரு சின்ன மஞ்சள் விளக்கோடு. எங்கே நிறுத்தி எங்கே தொடர வேண்டும் என்று எனக்குத்தான் தெரியும் என்பதால் டேவிட் அண்ணன் பக்கத்தில் என்னை உட்காரவைத்திருந்தார்கள். முரளி குழலியோடு வெளியே வராந்தாவில். சரித்திரத் தொடரின் இயக்குநர் நாலாவது வரிசை.

முதல் இரண்டு காட்சிகளும் பிசகில்லாமல் போயின. திரை இறங்கும்போதெல்லாம் கைதட்டல். எனக்குப் பின்னால் இரண்டு ஆண்கள். ஒருவர் கையில் நோட்டீஸ் விசிறியாகியிருந்தது.

"குரலப் பாத்தியா? ரோபோவா நடிச்ச பொண்ணுன்னு சொல்லவே முடியாது."

"அவ குரல்தானா?"

"வேற யாரோடது? அவ வாய்தானே அசையுது."

என் பெயரால் விசிறிக்கொண்டிருந்தார்.

மூன்றாவது காட்சி. மதில். ரோஸ்லின் ஏறினாள். கறுப்புப் புடவை, நெற்றியில் ஒன்றும் இல்லை. எவ்வளவு அழகாக இருந்தாள் என்று எழுதப் பிடிக்கவில்லை, ஆனால் இருந்தாள். டேவிட் அண்ணன் முரசுச் சத்தத்துக்காக மறுபக்கம் திரும்பினார். என் குரல் தொடங்கியது. "கதவைத் திறக்கச் சொன்னவன்..."

நான் குரலின் பொத்தானைக் கீழே இழுத்தேன். கை தவறவில்லை. தெரிந்துதான் இழுத்தேன். என்ன நினைத்தேன் என்பதும் தெரியும். அந்த வாய் காலியாக அசைவதை எல்லோரும் பார்க்கட்டும். நாலாவது வரிசை பார்க்கட்டும். அவள் என் குரல் இல்லாமல் யார் என்று ஒரு நிமிடம் தெரியட்டும். பத்தாம் தேதி ஒத்திகையில் நான் மேசைப் பக்கம் நின்றபோது டேவிட் அண்ணன் எந்தப் பொத்தான் எது என்று காட்டியிருந்தார். அப்போதே விரல் அதன் மேல் ஒருமுறை போய்வந்தது.

ஒரு மூச்சு நேரம்கூட இருக்காது.

"...யார்?" என்றாள் அவள்.

வாக்கியம் உடையவே இல்லை. மணலும் இரும்பும் கலந்த அந்தக் குரல் மேடையிலிருந்து இறங்கி, என் தலைக்கு மேலாகப் போய்க் கடைசிச் சுவரில் மோதியது. "அவன் என் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும்." என் பதிவில் அந்த வரி கோபம். அவள் வாயில் அது அலுப்பு. புருஷனைப் பறிகொடுத்தவளின், மூன்று நாள் தூங்காதவளின் அலுப்பு. ஒன்றரைப் பக்கம். பின்னால் விசிறிச் சத்தம் நின்றுபோயிருந்தது. எனக்குப் பேசத் தெரிந்த வசனம். இப்படி ஒரு அரசி அதற்குள் இருப்பது எனக்குத் தெரியவில்லை.

டேவிட் அண்ணன் பதறிக்கொண்டு திரும்பினார். பொத்தானைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மேடையைப் பார்த்தார். பிறகு அவரும் கையை எடுத்துவிட்டார். கடைசிவரை டேப் ஓடவில்லை.

முடிந்ததும் அவர்தான் எல்லோரிடமும் சொன்னார். "சிஸ்டர்தான் இறக்குனாங்க. இனிமே அந்தப் பொண்ணே பேசட்டும்னு. என்னா தைரியம்."

கமலவேணி அம்மாள் என் இரு கைகளையும் பிடித்துக்கொண்டார். ரோஸ்லின் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். அவள் முகப்பூச்சு என் ரவிக்கைத் தோளில் அப்பிக்கொண்டது. "அக்கா, அக்கா" என்றாள்.

நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 13

"உனக்குப் பெரிய மனசு," என்றார் முரளி, பல் தேய்த்துக்கொண்டே. துவைக்கத் துணி நிறைய இருந்தது.

ஏப்ரல் 16

பாஸ்கர் சார். தொடரில் ரோஸ்லின் அவளே பேசுகிறாள். முடிவாகிவிட்டது.

"நீ பண்ண காரியத்த சாலிகிராமமே பேசுது. யாரு செய்வா இந்தக் காலத்துல." கொஞ்சம் இடைவெளி விட்டு, "இளையராணிக்கு ஒரு பம்பாய்ப் பொண்ணு வருது. தமிழ் சுத்தமா வராது. நீ பேசு. ரோஸ்லின்தான் உன் பேரச் சொன்னா."

சரி என்றேன். வேறென்ன சொல்வது. குழலி கீரை மசியலைச் சுவரில் பூசிக்கொண்டிருந்தாள்.

ஏப்ரல் 19

மூன்று நாளாகத் தூக்கம் இல்லை. குழலியால் அல்ல. பால்காரர் முதல் மாடிவீட்டு அக்கா வரை பாராட்டுகிறார்கள். முரளி ஆபீசில் சொல்லியிருக்கிறார். நாலு மணிக்கு ரோஸ்லின் வந்தபோது, அவள் உட்காருவதற்குள் சொல்லிவிட்டேன்.

"உனக்காக இறக்கல. உன் வாய் சும்மா அசையறத எல்லாரும் பாக்கணும்னு இறக்கினேன்."

அவள் பையிலிருந்து ஏதோ எடுக்கப் போனவள், அப்படியே நிறுத்தினாள்.

"தெரியும்க்கா."

"தெரியுமா?"

"மதில் மேல நின்னா மொத்த இருட்டுல உங்க விளக்கு ஒண்ணுதான் தெரியும். நீங்க இழுக்கறத பாத்தேன். உங்க மூஞ்சியையும் பாத்தேன்." அவள் எச்சில் விழுங்கவில்லை. "அந்த மூஞ்சியப் பாத்துத்தான் அடுத்த வரிய பேசினேன்."

அவன் என் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும்.

"அப்ப முன்னாடி, இறக்கிப் பேசு இறக்கிப் பேசுன்னு நான்..."

"அதுவும்தான். டேப் கேட்ட அன்னிக்கே."

"அப்புறம் எதுக்குடி வந்து கட்டிப்பிடிச்ச?"

"அந்த நேரத்துக்கு யாரையாச்சும் கட்டிக்கணும் போல இருந்துச்சு. நீங்க கிட்டக்க இருந்தீங்க."

சிரிப்பு வந்துவிட்டது எனக்கு. அவளுக்கும் வந்தது, ஆனால் சீக்கிரமே போய்விட்டது.

"இளையராணிக்கு என் பேரு ஏன் சொன்ன?"

"நல்லாப் பேசுவீங்க. வேற எதுக்கு?" என்றாள். இது கேட்கிற கேள்வியா என்பதுபோல. பிறகு, தலையைக் குனிந்துகொண்டு, "ஆனா ஒண்ணுக்கா. இனிமே எனக்கு எதுவும் சொல்லிக் குடுக்காதீங்க. நல்லதா இருந்தாலும் வேணாம். எது நல்லதுன்னு எனக்குப் பிரிச்சிப் பாக்கத் தெர்ல."

சரி என்றேன்.

"வெளிய யாருக்கும் சொல்ல மாட்டேன். நீங்களும் சொல்லாதீங்க. எல்லாரும் நல்லா நெனச்சிகினு கீறாங்க, இருக்கட்டும்."

காபி போடவா என்று கேட்டேன். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றாள். எச்சில் விழுங்கினாள். படியிறங்கிப் போகும்போது திரும்பி எங்களைப் பார்த்துக் கையசைத்தாள். அது குழலிக்கு.

ஏப்ரல் 24

இளையராணி முதல் நாள் பதிவு. புது வாய். அந்தப் பம்பாய்ப் பெண் எல்லாச் சொல்லையும் ஒரே மாதிரி மென்று துப்புகிறாள். பழகப் பத்து நாள் ஆகும். ரோஸ்லின் தன் பகுதியை நேற்றே பேசி முடித்துவிட்டுப் போயிருந்தாள். நான் பதில் சொல்ல வேண்டும் என்பதால் முதலில் அவள் பேசியதை ஹெட்போனில் ஓடவிட்டார்கள். பட்டத்தரசி இளையவளை அந்தப்புரத்தை விட்டு வெளியேறச் சொல்கிற காட்சி.

"கேட்டியா, எப்படி இருக்கு?" என்றார் பாஸ்கர் சார்.

இன்னொரு தடவை போடச் சொன்னேன். இன்னொரு தடவை. நேரமாகிறது என்று சொல்லும்வரை கேட்டேன்.

நன்றாகத்தான் பேசியிருக்கிறாள். நாலாவது வரியில் மட்டும் மூச்சை ஒரு சொல் முன்னால் எடுத்திருந்தால் அந்த இடம் அறுத்துக்கொண்டு போயிருக்கும். சொல்ல மாட்டேன்.